பதிவிறக்கப் பாடலுக்கு வந்த ராயல்டி சரியா? கணக்கைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாடகர்கள், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் எனப் பலருடைய ராயல்டி அறிக்கைகளை அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒப்பந்தத்தில் 12 சதவீதம் என்று இருக்கிறது, பாட்டு 99 சென்டுக்கு விற்கிறது, ஆக ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய 12 சென்ட் வர வேண்டும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். வந்திருப்பதோ 5 சென்ட். கொதித்துப் போய் அன்றிரவே, பாட்டை வெளியிட்ட நிறுவனமான லேபிளுக்குக் கடுமையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறார்கள். "ஒப்பந்தப்படி சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அதற்கு மேல் கேட்க அவர்களிடம் எதுவும் இருக்காது.

எத்தனை சதவீதம் என்பதில் தகராறு வருவது குறைவு. எதில் சதவீதம் என்பதில்தான் பணம் கரைகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடுபவை. காசு கொடுத்துப் பாட்டை இறக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பதிவிறக்க விற்பனைக்கு மட்டுமே இவை பொருந்தும். ஸ்ட்ரீமிங்கின் கணக்கு வேறு. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையிலிருந்து தருகிறேன். நான் பார்த்த அறிக்கைகளில் டாலர் கணக்குகளே அதிகம். விலையும் சட்டக் கட்டணமும் தீர்ப்புகளும் அங்கே எவரும் பார்க்கும்படி இருக்கின்றன.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

மூல ஒப்பந்தமும் அதற்குப் பிறகு கையெழுத்தான எல்லாத் திருத்தங்களும் வேண்டும். "அது ஒரு பக்கக் கடிதம்தான்" என்று வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். விகிதத்தை மாற்றுவது பல நேரம் அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

அறிக்கைகளை பி.டி.எஃப். கோப்பாக வாங்காதீர்கள், எக்செல் கோப்பாகக் கேளுங்கள். சேர்த்துத் தொகுத்த பி.டி.எஃப்.இல் நாடு, கடை, விலை எல்லாம் ஒரே தொகைக்குள் மறைந்துவிடும். அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் அடுத்த படி எதையும் செய்ய முடியாது.

மூன்றாவது, உங்கள் பாடல்களின் ஐ.எஸ்.ஆர்.சி. எண் பட்டியல். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள 12 எழுத்து அடையாளம் அது. பாட்டின் பெயரை வைத்துத் தேடினால் தவறவிடுவீர்கள். ஒரு பாடகியின் கணக்கில் இரண்டாண்டுகளாக ஒரு பாட்டுக்கு விற்பனையே இல்லை என்று இருந்தது. பழைய பதிவை மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது அதற்குப் புதிய எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அவர் பெயரோடு இணைக்க மறந்துவிட்டார்கள். பாட்டு விற்றுக்கொண்டுதான் இருந்தது. பணம் உரியவர் தெரியாத தொகைகளோடு கிடந்தது.

2. எந்த உரிமையில் கேட்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

ஒரு பதிவிறக்கத்துக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று ஒலிப்பதிவின் உரிமை. பாடகருக்கும் தயாரிப்பாளருக்கும் அதிலிருந்து பங்கு வருகிறது. மற்றொன்று மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பின் உரிமை. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் அதிலிருந்து வருகிறது. நீங்களே எழுதி, இசையமைத்து, பாடியவராக இருந்தால் இரண்டு தாள்கள் போடுங்கள். ஒரே தாளில் போட்டால், ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றில் வந்த தொகை மூடிவிடும்.

இங்கே ஒரு வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம். அமெரிக்காவில் பதிவிறக்கத்துக்குப் பொதுநிகழ்த்து ராயல்டி கிடையாது. பாட்டை இறக்குவது அதைப் பொதுவில் நிகழ்த்துவது ஆகாது என்று 2010இல் அங்குள்ள இரண்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வரியைத் தேடி யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள்.

3. அறிக்கையைத் திறக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். அறிக்கையை முதலில் பார்த்தால் அதிலுள்ள தலைப்புகளையே உண்மை என்று மனம் எடுத்துக்கொள்ளும். "விற்பனை" என்று ஒரு தலைப்பு இருந்தால், அது விற்பனைதானா என்று கேட்கத் தோன்றாது.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். விற்ற பதிவுகளுக்கு எவ்வளவு என்று சொல்லும் பிரிவு முதலாவது. மாஸ்டர் பதிவை, அதாவது மூல ஒலிப்பதிவை, மூன்றாம் தரப்புக்கு உரிமம் கொடுத்தால் எவ்வளவு என்று சொல்லும் பிரிவு இரண்டாவது. நிகர வரவு என்றால் என்ன என்று விளக்கும் பிரிவு மூன்றாவது. பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், சிறிய எழுத்தில் இருக்கும்.

முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரியது. அமெரிக்க ராப் பாடகர் எமினெமை முதலில் ஒப்பந்தம் செய்த எஃப்.பி.டி. தயாரிப்பு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், விற்ற பதிவுகளுக்கு 12 முதல் 20 சதவீதம். உரிமம் கொடுத்த மாஸ்டர்களுக்கு நிகர வரவில் 50 சதவீதம். ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸில் நடந்த பதிவிறக்கங்களை லேபிள் விற்பனைக் கணக்கில் வைத்தது. எஃப்.பி.டி. வழக்குப் போட்டது. 2009இல் ஜூரி லேபிள் பக்கம் நின்றது. 2010 செப்டம்பரில் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. லேபிள் ஆப்பிளுக்கு மாஸ்டரை விற்கவில்லை. உடைமை லேபிளிடமே இருந்தது. எத்தனை பாட்டு இறங்குகிறதோ அத்தனைக்குப் பணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இதற்குப் பெயர் உரிமம் என்றது நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2012இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு எல்லோரும் 50 சதவீதம் கேட்கப் புறப்படுவதுதான் அடுத்த பெரிய தவறு. அந்தத் தீர்ப்பு அந்த ஒப்பந்தத்தின் சொற்களைப் பற்றியது. பதிவிறக்கக் கடைகள் வந்த பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில், பதிவிறக்கமும் விற்பனையே என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் இந்த வாதம் எடுபடாது. வேறு இடத்தில் தேடுங்கள். கேசட், குறுந்தட்டு காலத்து ஒப்பந்தமாக இருந்து, பிறகு வந்த திருத்தங்களிலும் இது குறித்து எதுவும் சொல்லப்படாமல் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இந்தியாவில் லேபிள் தரப்பு வேறொரு தீர்ப்பை எடுத்து நீட்டலாம். டிப்ஸ் என்ற இசை லேபிளுக்கும் விங்க் என்ற இசைச் செயலிக்கும் இடையிலான வழக்கில், பணம் வாங்கிக்கொண்டு பாட்டை நிரந்தரமாக இறக்க விடுவது ஒலிப்பதிவை விற்பதே என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சொன்னது. 2022இல் இரு நீதிபதி அமர்வும் அதன் முடிவை உறுதிசெய்தது. ஆனால் அது லேபிளுக்கும் செயலிக்கும் இடையே, பதிப்புரிமைச் சட்டத்தின் பொருள் குறித்து நடந்த வழக்கு. கலைஞருக்கு எத்தனை பங்கு என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. உங்கள் ஒப்பந்தத்தின் "விற்பனை" என்ற சொல்லுக்கு உங்கள் ஒப்பந்தம்தான் பொருள் சொல்ல வேண்டும்.

4. அறிக்கையைச் சல்லடையில் சலியுங்கள்

முதலில் ஸ்ட்ரீமிங் வரிகளைத் தனித் தாளுக்கு மாற்றுங்கள். எஞ்சியதை நாடு வாரியாகவும், நாட்டுக்குள் விலை வாரியாகவும் அடுக்குங்கள். நாட்டை முதலில் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பாடலாசிரியருக்கு உரிய மெக்கானிக்கல் ராயல்டியை, அதாவது படைப்பைப் பிரதி எடுப்பதற்கான தொகையை, கடை லேபிளிடம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. லேபிள்தான் அதை எழுதியவருக்குத் தர வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் பொதுவாக அது கடையிலிருந்து உரிமைச் சங்கங்களுக்குப் போகிறது. ஒரே பாட்டாக இருந்தாலும் ஒரே தாளில் வைத்துக் கணக்குப் போட முடியாது.

எதிர்மறை எண்களை நீக்கிவிடாதீர்கள். அவை திரும்பப் பெற்ற விற்பனைகள். எதிர்மறை வரி இருந்து அதற்கு நேரான விற்பனையைக் காட்டும் வரி எந்தக் காலாண்டிலும் இல்லையென்றால், அந்த விற்பனை உங்கள் கணக்கில் ஏறவே இல்லை. அதைக் குறித்து வையுங்கள்.

5. விலையிலிருந்து அடித்தொகைக்கு இறங்குங்கள்

2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடை திறந்தபோது எல்லாப் பாட்டுக்கும் ஒரே விலை, 99 சென்ட். கடை ஏறக்குறைய 30 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை லேபிளுக்குக் கொடுத்தது. 2009 ஏப்ரலில் விலை மூன்றாகப் பிரிந்தது: 69 சென்ட், 99 சென்ட், 1 டாலர் 29 சென்ட். அதே விகிதத்தில் பார்த்தால் லேபிளின் கைக்கு வருவது முறையே ஏறக்குறைய 48, 70, 90 சென்ட். உங்கள் அறிக்கையில் அடித்தொகை, அதாவது சதவீதம் போடும் தொகை, என்று காட்டியிருப்பதை இவற்றோடு ஒப்பிடுங்கள்.

குறைவாக இருந்தால் நடுவில் ஒரு விநியோகஸ்தர் இருக்கலாம். அவர் எடுத்த கழிவுக்கு முன்னுள்ள தொகையில் உங்கள் சதவீதமா, பின்னுள்ள தொகையிலா என்பதை நிகர வரவு விளக்கத்தில் பாருங்கள். அந்த விநியோகஸ்தரும் லேபிளும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவர்களா என்றும் விசாரியுங்கள். ஒரு பையிலிருந்து எடுத்து மற்றொரு பைக்குள் வைப்பதைச் செலவு என்று கலைஞர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை; இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

விலை மாறும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. பல ஒப்பந்தங்களில், குறைந்த விலையில் விற்றால் விகிதமும் குறையும் என்று ஒரு பிரிவு இருக்கும். முழு விலைக்கு 12 சதவீதம், சலுகை விலைக்கு அதில் முக்கால், அதாவது 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 99 சென்ட் பாட்டுக்கு 70இல் 12 சதவீதம், 8.4 சென்ட். 69 சென்ட் பாட்டுக்கு 48இல் 9 சதவீதம், 4.3 சென்ட். கடையில் விலை குறைந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாடகரின் வருமானமோ பாதியாகிவிட்டது. விலை அடுக்கைத் தேர்ந்தெடுப்பது லேபிள். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எந்த விலைக்குக் கீழே போனால் சலுகை விலை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறுந்தட்டின் விலையை வைத்து எழுதிய வரம்பை ஒற்றைப் பாட்டுக்குப் பொருத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

6. தட்டுக்கு உரிய கழிவுகளைத் தேடுங்கள்

ஒரு வித்வானின் மகள் மஞ்சள் பையில் அறிக்கைகளைக் கட்டிக் கொண்டுவந்தார். தந்தையின் கச்சேரிப் பதிவுகள், வெளிநாட்டில் பதிவிறக்கமாக விற்றவை. விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இது என்ன சார், பேக்கேஜிங் 25 சதவீதம்?" என்று கேட்டார். உறையும் இல்லை, பிளாஸ்டிக் பெட்டியும் இல்லை, இணையத்தில் இறங்கும் கோப்பு அது. அதற்கு அடுத்த பத்தியில் இலவசப் பிரதிகளுக்கு என்று இன்னொரு 15 சதவீதம். குறுந்தட்டுக் கணக்குக்குப் போட்ட சூத்திரத்தை அப்படியே பதிவிறக்கத்துக்கும் நகலெடுத்திருந்தார்கள்.

இதன் விளைவை எண்ணில் பாருங்கள். லேபிளுக்கு வந்தது 70 சென்ட். பேக்கேஜிங் போக 52.5. இலவசப் பிரதி போக 44.6. அதில் 12 சதவீதம் 5.35 சென்ட். ஆயிரம் பதிவிறக்கத்துக்கு 53 டாலர் 55 சென்ட். கழிவுகள் இல்லாவிட்டால் 84 டாலர். உரிமப் பிரிவின்படி பாதிப் பங்கு என்றால் 350 டாலர். மூன்று தொகையும் ஒரே பாட்டுக்கு, ஒரே விற்பனைக்கு. அமெரிக்க ராக் இசைக் குழுக்களான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டும் சீப் ட்ரிக்கும் 2006இல் சோனி பி.எம்.ஜி. லேபிள்மீது போட்ட வழக்கின் புகாரும் இத்தகையதுதான்: பதிவிறக்கத்தை விற்பனையாகக் காட்டி, இப்படிப்பட்ட கழிவுகளையும் பிடித்து, உரிமப் பங்காகக் கிடைக்க வேண்டியதில் சிறு பகுதியையே தருகிறார்கள் என்றார்கள்.

"பேக்கேஜிங்" என்ற பெயரை மட்டும் தேடினால் போதாது. உடைவு, புதிய தொழில்நுட்பம் என்ற பெயர்களிலும் இது வரும். சில அறிக்கைகளில் பெயரே இருக்காது. அடித்தொகை மட்டும் குறைந்திருக்கும். அதனால்தான் முந்தைய படியில் அடித்தொகையை நீங்களே கணக்கிடச் சொன்னேன்.

7. எழுதியவரின் பங்கைத் தனியாகப் போடுங்கள்

அமெரிக்கப் பதிவிறக்கத்தில் படைப்பாளிக்கு உரியது சதவீதம் இல்லை. பிரதிக்கு இவ்வளவு என்று சட்டப்படி நிர்ணயித்த தொகை. 2006 முதல் 2022 வரை ஐந்து நிமிடம் வரையுள்ள பாட்டுக்கு 9.1 சென்ட், அதைவிட நீண்டதற்கு நிமிடத்துக்கு 1.75 சென்ட். 2023இல் அது 12 சென்டாகவும் நிமிடத்துக்கு 2.31 சென்டாகவும் உயர்ந்தது. அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. விற்பனை நடந்த ஆண்டின் தொகையைப் போடுங்கள். இன்றைய தொகையைப் பழைய வரிகளுக்குப் போட்டு லட்சக்கணக்கில் பாக்கி காட்டினால் உங்கள் கடிதம் முழுவதும் நம்பகம் இழந்துவிடும்.

நிமிடக் கணக்கில் ஒரு நுட்பம்: மிச்சமிருக்கும் நொடிகளும் முழு நிமிடமாகவே எண்ணப்படும். 6 நிமிடம் 10 நொடிப் பாட்டுக்கு ஏழு நிமிடம். 2023 கணக்கில் 16.17 சென்ட். நம் இசையில் நீண்ட பதிவுகள் சாதாரணம். 12 நிமிடப் புதிய படைப்பு என்றால் 27.72 சென்ட். இதை 12 சென்டாகவே போட்டிருப்பது மிகச் சாதாரணமான பிழை. தியாகராஜர் கீர்த்தனை போலப் பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளுக்கு இந்தத் தொகை கிடையாது.

தொகை நிலையானது என்பதால், கடை விலை 69 ஆனாலும் 129 ஆனாலும் எழுதியவருக்கு மாற்றமில்லை. "சலுகை விலையில் விற்றோம், அதனால் பாடலாசிரியர் பங்கையும் குறைத்தோம்" என்ற விளக்கம் அமெரிக்க விற்பனைக்குச் செல்லாது. தானே எழுதிப் பாடும் கலைஞருக்குச் சட்டத் தொகையில் முக்கால்தான் தருவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், 1995 ஜூன் 22க்குப் பிறகு செய்த ஒப்பந்தங்களில் அந்தக் குறைப்பு, சில விலக்குகள் தவிர, பதிவிறக்கத்துக்குப் பொருந்தாது.

இந்திய விற்பனைக்கு 2012 திருத்தத்துக்குப் பிறகான பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவைப் படியுங்கள். திரைப்படப் பாட்டின் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர மற்ற பயன்பாடுகளுக்குச் சமபங்கு ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது. "எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று தளர்ந்து போய் வருகிறவர்களிடம் முதலில் ஒப்பந்தத் தேதியைத்தான் கேட்கிறேன்.

8. வரிப் பிடித்தத்தைக் குறைபாட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

அமெரிக்காவிலிருந்து நேரடியாகப் பணம் பெறும் இந்தியர் டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவம் கொடுக்காவிட்டால் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். கொடுத்தால் இரட்டை வரி ஒப்பந்தப்படி 15. இந்தப் பிடித்தத்தை லேபிளின் மோசடி என்று எழுதி அவமானப்பட வேண்டாம். படிவத்தைக் கொடுங்கள். பிடித்த வரிக்கு இங்கே வரவு கோரலாம்; உங்கள் ஆடிட்டரிடம் அதற்கான சான்றைத் தாருங்கள்.

9. ஆட்சேபத்தைக் கெடுவுக்குள் எழுதுங்கள்

அறிக்கை வந்த தேதியிலிருந்து ஓராண்டு, இரண்டாண்டு என்று ஆட்சேபத்துக்கு ஒரு கெடு ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் கெடு இந்தியச் சட்டத்தின் முன் நிற்குமா என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் அதற்குள் எழுதிவிடுங்கள். முன்பணம் இன்னும் ராயல்டியில் கழிந்து ஈடாகவில்லை, கைக்கு வருவது பூஜ்யம் என்பதற்காக அறிக்கையை மூடி வைப்பவர்கள் இந்தக் கெடுவைத்தான் இழக்கிறார்கள். அந்த முன்பணப் பாக்கி தவறான வேகத்தில் குறைந்தால் அதுவும் உங்கள் நஷ்டமே.

கடிதத்தில் கோபமும் மொத்தத் தொகையும் வேண்டாம். அறிக்கையில் உள்ள வரியைச் சுட்டுங்கள். இப்படி:

"ஜனவரி–ஜூன் அறிக்கை, வரி 41. அமெரிக்கப் பதிவிறக்கம், 1,000 பிரதி. அடித்தொகையிலிருந்து பேக்கேஜிங் கழிவாக 25 சதவீதம் குறைக்கப்பட்டுள்ளது. இது ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்று 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். இக்கடிதத்தால் எங்கள் வேறு உரிமை எதையும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை."

"எந்தப் பிரிவின்படி" என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லித் தப்ப முடியாது. கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள்; பின்னால் வேறு குறை கண்டுபிடித்தால் அதையும் எழுப்ப வழி இருக்கும். பதில் மழுப்பலாக இருந்தால் லேபிளின் கணக்கை ஆராய ஒப்பந்தத்தில் உள்ள தணிக்கைப் பிரிவைப் பயன்படுத்துங்கள். குறைபாடு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் தணிக்கைச் செலவை லேபிளே ஏற்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. நான்கைந்து வரிகளிலேயே அந்த அளவு தெரிந்துவிட்டால் தணிக்கையாளரை நியமிக்கத் துணிவு வரும்.

10. சமரசத் தாளில் கையெழுத்திடும் முன்

பழைய பாக்கிக்கு ஒரு தொகையைக் கொடுத்து முடிக்கவே லேபிள் விரும்பும். தொகையைப் பார்த்த மகிழ்ச்சியில், இனி வரும் அறிக்கைகளை எந்தச் சூத்திரத்தில் போடுவார்கள் என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஜூனில் அதே 25 சதவீதம் திரும்ப வந்து நிற்கிறது. "எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன்" என்ற வரியை, நீங்கள் சரிபார்த்த பாடல்களுக்கும் காலத்துக்கும் மட்டும் என்று குறுக்கச் சொல்லுங்கள். தவறான கழிவுகளின் பெயரைக் குறிப்பிட்டு, இனி பதிவிறக்கத்துக்குப் பொருந்தாது என்று எழுதி வாங்குங்கள். புதிய கணக்கின்படி ஒரு மாதிரி அறிக்கையைப் போட்டுக் காட்டச் சொல்லி, அந்தத் தாளையும் சமரச ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.